அமெரிக்காவில் தனியார் முதலீட்டு வாய்ப்புகள்: அங்கீகாரம் பெற்ற முதலீட்டாளராக யார் தகுதி பெறுகிறார்கள்?

அமெரிக்காவில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, கையில் ஓரளவு சேமிப்பும் சேர்ந்த பிறகு, நம்மவர்களில் பலருக்கு ஒரு புதிய வகை அழைப்பு வரத் தொடங்குகிறது. டெக்சாஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கூட்டாக வாங்குகிறோம், குறைந்தபட்சம் 50,000 டாலர் போட வேண்டும் என்று ஒருவர் சொல்வார்; இப்போதுதான் தொடங்கிய ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பங்கு தருகிறோம் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டிலும் பேச்சு வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: நீங்கள் அக்ரெடிட்டட் இன்வெஸ்டரா, அதாவது சட்டத்தின் பார்வையில் அங்கீகாரம் பெற்ற முதலீட்டாளரா என்ற கேள்வி. பலர் இதை ஒரு பெருமைக்குரிய பட்டமாக எடுத்துக்கொண்டு "ஆமாம்" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு டிக், சட்டம் உங்களுக்குத் தரும் பெரும்பாலான தகவல் பாதுகாப்பை விலக்கிவிடுகிறது. ஆகவே அதை அடிப்பதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எப்படி என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் சொந்த நிலைக்கு ஒரு பங்குச் சட்ட வழக்கறிஞரையோ சி.பி.ஏ. தணிக்கையாளரையோ கலந்துகொள்ளுங்கள்.

சட்டம் இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறது

1933ஆம் ஆண்டின் பங்குப் பத்திரச் சட்டப்படி, அமெரிக்காவில் பங்குகளையோ முதலீட்டுப் பத்திரங்களையோ விற்பவர் அவற்றைப் பதிவு செய்து, தொழிலின் நிலை, கணக்குகள், ஆபத்துகள் அனைத்தையும் வாங்குபவர் முன் எழுத்தில் வைக்க வேண்டும். அல்லது பதிவிலிருந்து விலக்குத் தரும் ஒரு பிரிவின் கீழ் வர வேண்டும். பொதுமக்களுக்கு அல்லாமல் தனிப்பட்ட முறையில் விற்பனை செய்வது அத்தகைய விலக்குகளில் ஒன்று. "தனிப்பட்ட முறை" என்பது எதுவரை என்ற வழக்கு 1953இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கால்நடைத் தீவனம் தயாரித்த ரால்ஸ்டன் ப்யூரினா நிறுவனம் தன் ஊழியர்களுக்குப் பங்குகளை விற்றுவிட்டு, அவர்கள் முக்கியமான ஊழியர்கள் என்பதால் பதிவு தேவையில்லை என்று வாதிட்டது. வாங்கியவர்களின் பட்டியலில் எலக்ட்ரீஷியனும் சுருக்கெழுத்தரும் பேக்கரி மேற்பார்வையாளரும் கால்நடை மருத்துவரும் இருந்தார்கள். தகவல்களைத் தாமே கேட்டுப் பெற்றுத் தம்மைக் காத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு மட்டுமே இந்த விலக்கு பொருந்தும், இந்த ஊழியர்களுக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

யார் தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கூடியவர் என்பதை ஒவ்வொரு முறையும் வழக்காடித் தீர்மானிக்க முடியாது என்பதால், பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் எஸ்.இ.சி. ஆணையம் 1982இல் ரெகுலேஷன் டி என்ற விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. அதன் 501ஆம் விதியில்தான் தகுதிக்கான எண்கள் இருக்கின்றன. 2 லட்சம் டாலர் வருமானம், 10 லட்சம் டாலர் சொத்து என்ற வரம்புகள் அன்று வைக்கப்பட்டவை. விலைவாசிக்கு ஏற்ப அவை இதுவரை உயர்த்தப்படவில்லை. 1982இல் மிகச் சில குடும்பங்களே தாண்டக்கூடியதாக இருந்த வரம்பை, இன்று கலிபோர்னியாவிலோ நியூஜெர்சியிலோ இரண்டு சம்பளம் வரும் ஒரு சாதாரண ஐ.டி. குடும்பம்கூடத் தாண்டிவிடுகிறது. வரம்பைத் தாண்டிவிட்டதால் மட்டும் முதலீட்டு அறிவு வந்துவிட்டதாக ஆகாது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தத் தகுதிக்கு அமெரிக்க அரசு எந்தச் சான்றிதழும் தருவதில்லை; தகுதி பெற்றவர்களின் பட்டியல் எதையும் எஸ்.இ.சி. வைத்திருப்பதில்லை. இந்தியாவில் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2021இல் கொண்டுவந்த ஏற்பாட்டில் இதற்கென முகமைகள் சான்றிதழ் வழங்குகின்றன. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எங்கோ விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு விற்பனையின்போதும், அந்தத் தேதியில், நீங்கள் தகுதியுள்ளவரா என்பதை விற்பவர்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். "எஸ்.இ.சி. அங்கீகார அட்டை வாங்கித் தருகிறோம்" என்று யாராவது கட்டணம் கேட்டால் அவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள். குடியுரிமையும் கிரீன் கார்டும் இதற்குத் தேவையில்லை. எச்-1பி விசாவில் இருப்பவரும் எண்கள் பொருந்தினால் தகுதி பெறுகிறார்.

முதல் படி: வருமானத்தைப் பாருங்கள்

எளிதான கணக்கு இதுதான் என்பதால் இதிலிருந்து தொடங்குங்கள். முடிந்துபோன இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் உங்கள் தனி வருமானம் 2 லட்சம் டாலருக்கு மேல் இருந்திருக்க வேண்டும். அல்லது கணவன் மனைவி இருவரின் கூட்டு வருமானம் 3 லட்சம் டாலருக்கு மேல் இருந்திருக்க வேண்டும். இதோடு, நடப்பு ஆண்டிலும் அதே அளவு வருமானம் வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கும் நிலை இருக்க வேண்டும். திருமணம் செய்யாமல் அதற்கு இணையான உறவில் சேர்ந்து வாழும் துணைவரின் வருமானத்தையும் 2020 திருத்தத்துக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு இடங்களில் பலர் தடுமாறுகிறார்கள். ஒன்று, இரண்டு ஆண்டுகளின் சராசரியை எடுப்பது. நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்த ஆண்டில், ஊதியத்தின் ஒரு பகுதியாகத் தரப்படும் ஆர்.எஸ்.யு. பங்குகள் கைக்கு வந்து 4 லட்சம் டாலர் காட்டியவர், அதற்கு முந்தைய ஆண்டில் 1.6 லட்சம் மட்டுமே ஈட்டியிருந்தால், சராசரி எவ்வளவாக இருந்தாலும் இந்த வழியில் தகுதி பெற மாட்டார். இரண்டு, நடப்பு ஆண்டைப் பற்றிய நிபந்தனையை மறந்துவிடுவது. இரண்டு ஆண்டுகளும் நல்ல வருமானம் இருந்து, இந்த ஆண்டு மார்ச் மாதம் வேலை போய்விட்டவர், அடுத்த வேலை எப்போது என்று தெரியாத நிலையில், ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் பழைய டபிள்யூ-2 படிவங்களைக் காட்டிக் கையெழுத்திடக் கூடாது. லே-ஆஃப் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு முதலீட்டுக்கு அலைவது அந்தச் சமயத்தில்தான் அதிகம் நடக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஊரிலிருந்து வாடகையோ தொழில் வருமானமோ ரூபாயில் வருகிறது என்றால் அதையும் சேர்க்கலாம். அந்த ஆண்டின் கடைசி நாள் மாற்று விகிதத்தையோ ஆண்டுச் சராசரி விகிதத்தையோ கொண்டு டாலராக மாற்றலாம். அந்த வருமானம் உங்கள் 1040 வரிப் படிவத்தில் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரித்துறைக்கு ஒரு தொகையும் முதலீட்டுப் படிவத்தில் வேறொரு தொகையும் எழுதுவது உங்களுக்கு எதிரான ஆதாரத்தை நீங்களே உருவாக்கிக் கொடுப்பதாகும்.

இரண்டாம் படி: நிகரச் சொத்தைக் கணக்கிடுங்கள்

வருமான வழியில் தேறாதவர்கள் இந்த வழியைப் பார்க்க வேண்டும். உங்கள் சொத்துகளின் மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்தால் கிடைக்கும் தொகை, தனியாகவோ துணைவருடன் சேர்த்தோ, 10 லட்சம் டாலருக்கு மேல் இருக்க வேண்டும். சரியாக 10 லட்சம் போதாது. அதைத் தாண்ட வேண்டும். கூட்டாகக் கணக்கிடும்போது சொத்து இருவர் பெயரிலும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பங்கையும் இருவர் பெயரிலும் வாங்க வேண்டியதில்லை.

மிகப் பெரிய விதிவிலக்கு நீங்கள் குடியிருக்கும் வீடு. 2010 ஜூலையில் வந்த டாட்-ஃப்ராங்க் சட்டம் அதைச் சொத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. வீட்டின் சந்தை மதிப்பைச் சேர்க்கக் கூடாது. அந்த மதிப்புக்கு உட்பட்ட வீட்டுக் கடனையும் கழிக்க வேண்டியதில்லை. வீட்டின் மதிப்பைவிடக் கடன் அதிகமாக இருந்தால், அந்த அதிகப்படித் தொகையை மட்டும் கடனாகக் கழிக்க வேண்டும். இரண்டாவது வீடு, வாடகைக்கு விட்ட வீடு, ஊரில் உள்ள மனை ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

ஒரு கற்பனைக் குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டாலஸ் அருகே வசிக்கும் ஒரு தம்பதியரின் கூட்டு வருமானம் 2.6 லட்சம் டாலர். ஆகவே வருமான வழி இல்லை. குடியிருக்கும் வீட்டின் மதிப்பு 7.5 லட்சம், அதன் மீதான கடன் 4.2 லட்சம். இருவரின் 401(கே) ஓய்வூதியக் கணக்குகளிலும் அவர்களுக்கு முழு உரிமையாகிவிட்ட தொகை 4.2 லட்சம். பங்குகள் வைத்திருக்கும் புரோக்கரேஜ் கணக்கில் 3.1 லட்சம். வங்கியில் 70,000. கோயம்புத்தூரில் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு மனையின் இன்றைய மதிப்பு 3.4 கோடி ரூபாய். வேறொருவருடன் கூட்டாக உள்ள சொத்தில் தம் பங்கை மட்டுமே சேர்க்க முடியும் என்பதால் 1.7 கோடி, டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2 லட்சம் டாலர். கார் கடன் பாக்கி 18,000.

வீட்டை விட்டுவிட்டுக் கூட்டினால் சொத்து சரியாக 10 லட்சம். கார் கடனைக் கழித்தால் 9.82 லட்சம். வீட்டில் அவர்களுக்குச் சொந்தமான 3.3 லட்சத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தால் 13 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அப்படித்தான் பெரும்பாலோர் மனக்கணக்குப் போட்டு டிக் அடிக்கிறார்கள். சட்டப்படி இந்தக் குடும்பம் தகுதி பெறவில்லை.

இந்த நிலையில் சில விற்பனையாளர்கள் ஒரு யோசனை சொல்வதுண்டு: வீட்டின் மீது 60,000 டாலர் கடன் எடுத்து வங்கியில் போட்டுவிட்டால் கணக்கு தேறிவிடும் என்று. எஸ்.இ.சி. இதை எதிர்பார்த்தே விதி எழுதியிருக்கிறது. முதலீட்டுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் குடியிருக்கும் வீட்டின் மீது கூடுதலாக வாங்கிய கடன், அந்த வீட்டையே வாங்குவதற்காக எடுத்ததாக இல்லாவிட்டால், வீட்டின் மதிப்புக்கு உட்பட்டதாக இருந்தாலும் கடனாகக் கழிக்கப்பட வேண்டும். அப்போது வங்கியில் ஏறிய 60,000 கடனில் கழிந்து கணக்கு பழையபடியே நிற்கும். 60 நாட்களுக்கு முன்பே எடுத்தால் விதியின் எழுத்துப்படி அந்தத் தொகை உதவும் என்பது உண்மைதான். ஆனால் பல ஆண்டுகளுக்கு வெளியே எடுக்க முடியாத ஒரு முதலீட்டில் நுழைவதற்காகக் குடியிருக்கும் வீட்டை அடமானமாக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊர்ச் சொத்தின் மதிப்பைச் சேர்ப்பவர்கள், அந்த மதிப்புக்கு ஓர் ஆதாரம் வைத்திருப்பது நல்லது. பத்திரத்தில் இருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒன்று, தரகர் வாய்மொழியாகச் சொல்வது இன்னொன்று என்று இருக்கும் இடத்தில், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை பின்னால் கேள்வி வரும்போது கைகொடுக்கும். பாகப்பிரிவினை ஆகாத பூர்வீகச் சொத்தைக் கணக்கில் கொண்டுவராமல் இருப்பதே பாதுகாப்பு.

பணத்தைப் பார்க்காத சில வழிகள்

2020 ஆகஸ்டில் எஸ்.இ.சி. ஏற்று, அதே ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், வருமானமும் சொத்தும் இல்லாமலேயே தகுதி பெறும் கதவுகளைத் திறந்தது. சீரிஸ் 7, சீரிஸ் 65, சீரிஸ் 82 ஆகிய மூன்று நிதித்துறை உரிமங்களில் ஒன்றை நடப்பில் வைத்திருப்பவர் தகுதி பெறுகிறார். இவற்றில் சீரிஸ் 65 தேர்வை எந்த நிறுவனத்தின் பரிந்துரையும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், அதைக் குறுக்குவழியாகச் சிலர் விளம்பரப்படுத்துகிறார்கள். தேர்வில் தேறினால் மட்டும் போதாது. மாநிலத்தில் முதலீட்டு ஆலோசகர் பிரதிநிதியாக உரிமம் பெற்று அதை நடப்பில் வைத்திருக்க வேண்டும். தனியார் முதலீட்டு நிதியத்தில் அதன் முதலீட்டுப் பணிகளில் ஈடுபட்டுள்ள ஊழியர், அந்த நிதியத்தில் முதலிடும்போது தகுதி பெறுகிறார். பங்கை வெளியிடும் நிறுவனத்தின் இயக்குநர்களும் உயர் நிர்வாக அதிகாரிகளும் எப்போதும் தகுதியுள்ளவர்களே.

நண்பர்கள் சேர்ந்து எல்.எல்.சி. தொடங்கினால்

இது நம் சமூகத்தில் அடிக்கடி எழும் யோசனை என்பதால் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து நண்பர்கள் ஆளுக்கு 20,000 டாலர் போட்டு ஓர் எல்.எல்.சி., அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம், தொடங்கி, அதன் பெயரில் ஒரு முதலீட்டில் நுழைய நினைக்கிறார்கள். நிறுவனம் என்ற முறையில் தகுதி பெற 50 லட்சம் டாலருக்கு மேல் சொத்து வேண்டும். அதுவும் அந்தக் குறிப்பிட்ட முதலீட்டை வாங்குவதற்கென்றே தொடங்கப்பட்டதாக இருக்கக் கூடாது. இல்லையென்றால் அதன் உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும். நால்வர் தகுதி பெற்று ஒருவர் பெறவில்லை என்றாலும் எல்.எல்.சி. தேறாது. போதாக்குறைக்கு, மற்றவர்களின் பணத்தைச் சேர்த்து நிர்வகிக்கும் நண்பர் தாமே பங்கு வெளியிடுபவராகக் கருதப்படும் வாய்ப்பும் உண்டு. இதில் வழக்கறிஞர் இல்லாமல் இறங்க வேண்டாம். குடும்பச் சொத்தை ஒரு டிரஸ்டில் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை எளிது: நீங்களே மாற்றவோ ரத்து செய்யவோ கூடிய டிரஸ்டாக இருந்தால், அதை ஏற்படுத்திய நீங்கள் தகுதி பெற்றிருப்பதே போதும்.

மூன்றாம் படி: விற்பனை எந்த விதியின் கீழ் நடக்கிறது என்று கேளுங்கள்

நீங்கள் தகுதி பெறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படி நிரூபிப்பது என்பது, விற்பவர் 506(பி) விதியைத் தேர்ந்தெடுத்தாரா, 506(சி) விதியைத் தேர்ந்தெடுத்தாரா என்பதைப் பொறுத்தது.

506(பி) விதியின் கீழ் விற்பவர் பொது விளம்பரம் செய்யக் கூடாது. ஏற்கெனவே உங்களை அறிந்து, உங்கள் நிதி நிலையை மதிப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் கேள்வித்தாளை நிரப்பிக் கையெழுத்திடுவதே பெரும்பாலும் போதுமானது. தகுதி பெறாத 35 பேர் வரை சேர்க்கவும் இந்த விதி இடம் தருகிறது; ஆனால் அவர்கள் முதலீட்டை எடைபோடும் அறிவுள்ளவர்களாக, அல்லது அத்தகைய ஒருவரின் துணையுடன் வருபவர்களாக இருக்க வேண்டும்; அவர்களுக்கு விரிவான தகவல் ஆவணங்களையும் கொடுக்க வேண்டும். தகுதி பெற்றவர்களுக்கு மட்டும் விற்கும்போது அந்த ஆவணக் கட்டாயம் இல்லை. தொடக்கத்தில் சொன்ன டிக் எதை விலக்குகிறது என்பது இதுதான்.

506(சி) விதி 2012ஆம் ஆண்டின் ஜாப்ஸ் சட்டத்தால் வந்து 2013 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதில் வாட்ஸ்அப் குழு, யூடியூப், கருத்தரங்கு என்று எங்கு வேண்டுமானாலும் விளம்பரம் செய்யலாம். ஆனால் வாங்குபவர் ஒவ்வொருவரும் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும், விற்பவர் அதைச் சரிபார்க்கவும் வேண்டும். இரண்டு ஆண்டு டபிள்யூ-2 அல்லது 1040 படிவங்களோ, மூன்று மாதங்களுக்குள் எடுத்த வங்கி, புரோக்கரேஜ் அறிக்கைகளும் கிரெடிட் ரிப்போர்ட்டுமோ கேட்பார்கள். உங்கள் சி.பி.ஏ., வழக்கறிஞர், பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் அல்லது புரோக்கர்-டீலர் கடந்த மூன்று மாதங்களுக்குள் சரிபார்த்ததாகத் தரும் கடிதமும் செல்லும். முன்பின் தெரியாதவரிடம் முழு வரிப் படிவத்தையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு அனுப்புவதைவிட, உங்கள் சி.பி.ஏ.யிடம் கடிதம் வாங்கிக் கொடுப்பதையே நான் விரும்புவேன். 2025 மார்ச்சில் எஸ்.இ.சி. அலுவலர்கள் தந்த விளக்கத்தின்படி, தனிநபர் குறைந்தபட்சம் 2 லட்சம் டாலர் முதலிட வேண்டும் என்ற நிபந்தனை இருந்து, அந்தப் பணம் இதற்கென வேறொருவர் கொடுத்த கடன் அல்ல என்பது உட்பட எழுத்து மூலம் உறுதி அளித்தால், அதுவே போதுமான சரிபார்ப்பாகக் கொள்ளப்படலாம். விற்பவருக்கு மாறான தகவல் எதுவும் தெரிந்திருக்கக் கூடாது.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் ஒரு நல்ல அளவுகோல் உங்கள் கைக்கு வருகிறது. முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் உள்ள குழுவில் ஒருவர் முதலீட்டை விளம்பரப்படுத்திவிட்டு, 50,000 டாலர் போட வருபவரிடம் எந்த ஆதாரமும் கேட்காமல் ஒரு டிக் மட்டும் கேட்டால், அவர் இரண்டு விதிகளில் எதையும் ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்று சந்தேகிக்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

தகுதி பெறாதவர்கள் செய்யக் கூடியது

பொய்யாக டிக் அடிக்காதீர்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். சட்டம் திறந்து வைத்திருக்கும் வேறு வழிகள் உண்டு. ரெகுலேஷன் கிரௌட்ஃபண்டிங் என்ற விதியின் கீழ், பதிவு பெற்ற இணைய தளங்கள் வழியாக யாரும் முதலிடலாம். வருமானத்துக்கும் சொத்துக்கும் ஏற்ப ஆண்டு வரம்பு மட்டும் உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலான, கட்டடங்களில் முதலிடும் ரீட் நிறுவனங்களின் பங்குகளை வாங்க எந்தத் தகுதியும் தேவையில்லை. வேண்டிய நாளில் விற்கவும் முடியும்.

நான்காம் படி: பணம் அனுப்புவதற்கு முன்

இவ்வாறு வாங்கும் பங்குகள் கட்டுப்பாடுள்ளவை. பொதுவெளியில் கணக்கு வெளியிடாத நிறுவனமாக இருந்தால், 144ஆம் விதியின் வழியாக மறுவிற்பனை செய்யக் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் வாங்க ஆள் கிடைப்பது அரிது. ஐந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணமா என்று பாருங்கள். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமோ, விசா சிக்கலில் ஊர் திரும்ப நேர்ந்தால் தேவைப்படும் பணமோ இதில் போகக் கூடாது. ஒப்பந்தத்தில் பிற்பாடு கூடுதல் பணம் கேட்கும் உரிமை இருக்கிறதா என்று படியுங்கள். கூட்டாண்மையாக இருந்தால் வரிக்கான கே-1 படிவம் தாமதமாக வருவது வழக்கம் என்பதால், வரித் தாக்கலுக்குக் கால நீட்டிப்புக் கேட்க வேண்டியிருக்கலாம்.

உங்களை அறிமுகப்படுத்திய நண்பரிடம் ஒரு கேள்வியை நேரடியாகக் கேளுங்கள்: நான் முதலிட்டால் உங்களுக்குக் கமிஷன் உண்டா? உண்டு என்றால், அவர் பதிவு பெற்ற புரோக்கரா என்பது அடுத்த கேள்வி. பொதுவாக அந்தப் பதிவு இல்லாமல் இத்தகைய விற்பனையில் கமிஷன் வாங்க முடியாது. புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் புரோக்கர்செக் தளத்தில் பெயரைப் போட்டால் பதிவு இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துவிடும்.

கடைசியாக, நிறுவனங்கள் தாக்கல் செய்யும் ஆவணங்கள் இருக்கும் எஸ்.இ.சி.யின் எட்கர் தளத்தில், இத்தகைய தனிப்பட்ட விற்பனையைத் தெரிவிக்கும் ஃபார்ம் டி படிவத்தை அந்த நிறுவனத்தின் பெயரில் தேடுங்கள். முதல் விற்பனை நடந்த 15 நாட்களுக்குள் அது தாக்கல் செய்யப்பட வேண்டும். இப்போதுதான் விற்பனை தொடங்குகிறது என்றால் அதே நபர்களின் முந்தைய முதலீடுகளுக்கான படிவங்களைப் பாருங்கள். எஸ்.இ.சி. அந்தப் படிவத்தைப் பரிசீலித்து ஒப்புதல் தருவதில்லை, ஆகவே அது இருப்பதே நற்சான்று ஆகாது. ஆனால் அதில் மூன்று இடங்களை நிதானமாகப் படிக்கலாம். நிர்வாகிகள் யார் என்பது மூன்றாம் பகுதியில் இருக்கும். உங்களிடம் பேசியவர்கள் சொன்ன பெயர்களோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விற்பனைக் கமிஷன் யாருக்குப் போகிறது என்பது பன்னிரண்டாம் பகுதியில் இருக்கும். எந்த விலக்கின் கீழ் விற்கிறார்கள் என்பது ஆறாம் பகுதியில் இருக்கும். நீங்கள் இதைப் பற்றி முதலில் அறிந்தது ஒரு பொது விளம்பரத்தில் என்றிருக்க, படிவத்தில் 506(பி) குறிக்கப்பட்டிருந்தால், அதற்கு எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். அந்த விளக்கத்தை உங்கள் வழக்கறிஞர் படித்துச் சரி என்று சொல்லும் வரை பணத்தை அனுப்ப வேண்டாம்.